போட்டோ ஃபேஷியல், லேசர், சிவப்பு லைட்டு: வெயில்ல வெந்த நம்ம ஊர் முகத்துக்கு எது ஆகும்?

2025 ஜூன் 3, காலை (மன்னார்குடி பக்கத்துலேருந்து ஒரு வாசகி)

அக்கா எனக்கு 47 ஆகுது. சின்னதுலேருந்து நடவு, களையெடுப்புன்னு வயல்லயே கெடந்த உடம்பு, இப்ப கொஞ்ச வருஷமா ஸ்கூட்டில வேலைக்கு போயிட்டு வரேன். ரெண்டு கன்னத்துலயும் மங்கு, கண்ணுக்கு கீழ பொடிப்பொடியா கருப்பு மரு, நெத்தில கோடு. தை மாசம் பொண்ணுக்கு கல்யாணம். கும்பகோணத்துல ஒரு பார்லர்ல போட்டோ ஃபேஷியல் பண்ணுங்க பத்து வயசு குறையும்ங்குறாங்க, 6 சிட்டிங் 18,000. லேசர்லாம் இல்ல வெறும் லைட்டுதான், ஒண்ணும் ஆகாதுங்குறாங்க. போலாமா?

ஜூன் 3, மதியம்

பணம் கட்டிட்டியாம்மா? கட்டலைன்னா இப்போதைக்கு கட்டாத. தெரிஞ்சதை எழுதுறேன், படிச்சிட்டு முடிவு பண்ணு. நான் டாக்டர் இல்ல, தோல் பிரிவுல ஸ்டாஃப் நர்சா இருந்து ரிட்டையர் ஆனவ. அதனால மருந்து எழுதித்தாங்கன்னு யாரும் கேக்க வேணாம்.

வெறும் லைட்டுதான், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற எடத்துல முகத்தை குடுக்கவே கூடாது. அதை மட்டும் இப்ப சொல்லி வைக்கிறேன், மிச்சம் ராத்திரி.

ஜூன் 3, ராத்திரி

பார்லர்ல போட்டோ ஃபேஷியல்னு சொல்றது ஐபிஎல் மெஷினை, அதாவது இன்டென்ஸ் பல்ஸ்டு லைட், விட்டு விட்டு பலமா மின்னுற லைட்டு. உள்ள ஒரு ஜெனான் விளக்கு பளீர்னு மின்னும். லேசர்ல வர்ற மாதிரி ஒரே அலைநீளம் இதுல வராது, சுமாரா 500லேருந்து 1200 நானோமீட்டர் வரைக்கும் எல்லாம் கலந்து வரும், வேணாத பகுதியை ஃபில்டர் போட்டு வெட்டுவாங்க. தோலுக்குள்ள அந்த லைட்டை இழுத்துக்குறது முக்கியமா ரெண்டு. ஒண்ணு மெலனின், நம்ம நிறத்துக்கு காரணமே அதுதான். இன்னொண்ணு ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின். வெள்ளைக்காரங்க கன்னத்துல ஒரு வெயில் புள்ளி இருந்தா சுத்தி இருக்குற தோல்ல மெலனின் ரொம்ப கம்மி, அதனால புள்ளி மட்டும் சூடாகி கருகி உதிர்ந்துடும், முகம் பளிச்சுன்னு ஆயிடும். விளம்பரத்துல காட்டுற முன்னாடி பின்னாடி போட்டோ எல்லாம் அவங்க முகம்தான். நமக்கு சுத்தி இருக்குற தோலும் சேந்து அதே லைட்டை இழுக்கும். அளவு கொஞ்சம் கூடிப்போனா மெஷின் தலையை வச்ச எடமெல்லாம் கட்டம் கட்டமா வெந்துடும். அப்படி கட்டம் விழுந்த கன்னத்தோட வந்த பொண்ணுங்களுக்கு நான் டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கேன், கண்ணாடி பாக்கவே மாட்டேன்னு அழுதுருக்காங்க. புண்ணு சீக்கிரம் ஆறிடும், அது விட்டுட்டுப் போற கருப்பு மாசக்கணக்குல நிக்கும்.

நம்ம தோலுக்கு ஐபிஎல்லே ஆகாதுன்னு சொல்லல. கைப்பழக்கம் உள்ள தோல் டாக்டர் சரியான ஃபில்டர் போட்டு, சக்தியை குறைச்சு, ஒவ்வொரு மின்னலோட நேரத்தை (பல்ஸ்) நீட்டி, காதோரம் ஒரு சின்ன எடத்துல டெஸ்ட் பண்ணிட்டு செய்வாங்க. பார்லர்ல ரெண்டு நாள் டிரெய்னிங் முடிச்ச பொண்ணு கையில அதே மெஷின் இருந்தா எனக்கு பயம்தான்.

ஜூன் 4

காலைல ஒருத்தர் கேட்டிருக்கார், தோலை ஒண்ணும் பண்ணாம உள்ள இருக்குற புள்ளியை மட்டும் லைட்டு எப்படி பொசுக்குதுன்னு. நல்ல கேள்வி. அமெரிக்காவுல ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு டாக்டருங்க 1983ல இதுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க. எதை அழிக்கணுமோ அது மட்டும் நல்லா இழுக்குற அலைநீளத்தை எடுத்துக்கணும், அதோட சூடு பக்கத்துக்கு பரவுறதுக்கு முன்னாடியே முடியுற அளவுக்கு லைட்டை குட்டியா வெட்டி அடிக்கணும். இன்னைக்கு தோலுக்கு வர்ற முக்கால்வாசி லேசர் இந்தக் கணக்குலதான் ஓடுது. முடி எடுக்குறது, பச்சை குத்தினதை அழிக்கிறது எல்லாமே.

அலைநீளம் கூடக் கூட மெலனின் இழுக்குறது குறையும், லைட்டும் ஆழமா போகும். அதனாலதான் நம்ம நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரை டாக்டருங்க முதல்ல நெனைக்கிறாங்க. தோல் வகையை ஆறா பிரிச்ச ஃபிட்ஸ்பாட்ரிக் கணக்கு ஒண்ணு இருக்கு, 1975ல நாலு வகையா ஆரம்பிச்சு அப்புறம் ஆறாச்சு, நம்ம ஊர்ல பெரும்பாலும் நாலு, அஞ்சு. நீங்க போற எடத்துல என் தோல் எத்தனாவது வகைன்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

ஜூன் 5

மங்கு இருக்குறவங்க எதுக்கும் அவசரப்படாதீங்க. அதை நாளைக்கு தனியா எழுதுறேன்.

ஜூன் 6

எங்க அக்காவுக்கு ரெண்டாவது பிள்ளை பெத்ததுலேருந்து மங்கு. வலங்கைமான்ல வாக்கப்பட்டவ, வீட்டுலயே நெல் அவிச்சு காயவச்சு அரைச்ச காலம், அடுப்புச் சூடு ஒரு பக்கம் வெயில் ஒரு பக்கம். சூடு மங்கை கூட்டும்னு தோல் டாக்டருங்க சொல்லி கேட்டிருக்கேன், அக்கா முகத்துல அதை கண்ணால பாத்தேன். அவ ஒரு கிளினிக்ல லேசர் டோனிங் பண்ணிக்கிட்டா, அந்த என்டி யாக் லேசரையே சக்தி கம்மியா வச்சு வாரத்துக்கோ ரெண்டு வாரத்துக்கோ ஒருக்கா அடிக்கிறது. நாலஞ்சு சிட்டிங்ல முகம் நல்லா தெளிஞ்சுது, அக்கா முகத்துல அந்த சந்தோஷத்தை பாத்தா யாருக்கும் வேணாம்னு சொல்ல மனசு வராது. நிறுத்தின கொஞ்ச மாசத்துல பழையபடி வந்துடுச்சு. இது எங்க அக்காவுக்கு மட்டும் நடக்கல, மங்குக்கு லேசர் பண்ணா திரும்ப வர்றது ரொம்ப சகஜம்னு தோல் டாக்டருங்க எல்லாருக்கும் தெரியும். அதோட அடிக்கடி அடிச்சுக்கிட்டே போனா பொரி தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி விழறதும் உண்டு, அது கருப்பை விட பிடிவாதம்.

அதனால மங்குக்கு லேசர் முதல் வைத்தியம் கிடையாது. வெயிலை மறைக்கிறது, டாக்டர் சொன்ன காலத்துக்கு மட்டும் க்ரீம், தேவைன்னா அவங்க பாத்து குடுக்குற மாத்திரை, இதெல்லாம் ஆனப்புறம்தான் லைட்டு. தங்கச்சி, உன் கன்னத்துல இருக்குறது மங்குன்னா அந்த 6 சிட்டிங்ல முதல் சிட்டிங்கே அதை கருக்கிவிடலாம். கல்யாண வீட்டுல அப்படி நிக்கணுமா?

ஜூன் 9

சிங்கப்பூர்ல வேலை பாக்குற ஒரு தம்பி, கூத்தாநல்லூர்காரராம், அம்மாவுக்கு எல்இடி மாஸ்க் வாங்கி அனுப்பலாமான்னு கேட்டிருக்கார். முகமூடி மாதிரி மாட்டிக்கிட்டா உள்ளேருந்து சிவப்பா எரியுமே அது.

இதோட கதையே தனி. ஹங்கேரில மெஸ்டர்னு ஒரு டாக்டர் 1967ல எலி முதுகை சவரம் பண்ணிட்டு சக்தி கம்மியான லேசரை காட்டினார். கேன்சர் வருதான்னு பாக்கத்தான் காட்டினது. கேன்சர் வரல, லைட்டு பட்ட எலிக்கு முடி சீக்கிரமா முளைச்சுது. அங்கேருந்து கெளம்பினதுதான் இந்த வைத்தியம். அப்புறம் நாசா விண்வெளில செடி வளக்க பண்ண எல்இடி விளக்கை 1990கள்ல புண்ணு ஆத்துறதுக்கும் வச்சு பாத்தாங்க. இது சுட்டு அழிக்கிற லைட்டு கிடையாது. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியால இருக்குற ஒரு நொதி சிவப்பு லைட்டை இழுத்துக்கிட்டு செல்லுக்கு தெம்பு குடுக்குது, அதனால தோலை இறுக்கமா வச்சிருக்குற கொலாஜன்ங்குற புரதம் கூடுதுன்னு சொல்றாங்க. முகத்துக்கு வழக்கமா வைக்கிறது 633 நானோமீட்டர் பக்கத்துல சிவப்பு, 830ல கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு. 2014ல ஜெர்மனில 136 பேரை வச்சு பண்ண ஒரு ஆய்வுல வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு 30 சிட்டிங் குடுத்தாங்க, தோல் மிருதுவாச்சு, கொலாஜன் அடர்த்தி கூடிச்சுன்னு வந்துருக்கு. வேற சின்ன ஆய்வுகளும் இருக்கு. ஆக பொய்னு தள்ள முடியாது. பலன் மெதுவா வரும், அளவாத்தான் வரும், தொடர்ந்து பண்ணணும்.

தம்பி, அம்மாவுக்கு மங்கு இருக்கான்னு முதல்ல கேளுங்க. நெறைய மாஸ்க்ல சிவப்போட நீலமும் வரும், பருவுக்குன்னு 415 நானோமீட்டர். அந்த நீல ஊதா லைட்டு நம்ம மாதிரி நிறத்தை நல்லா கருக்கும், சிவப்பு அப்படி கருக்காதுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சோதிச்சே பாத்துருக்காங்க. அதனால சிவப்பு மட்டும் எரியுற மாதிரி பாருங்க. கண்ணுக்கு மறைப்பு கட்டாயம். 2019ல ஒரு பெரிய கம்பெனி கண்ணுக்கு ஆபத்து வரலாம்னு தன்னோட மாஸ்க்கை கடைகள்லேருந்து திரும்ப எடுத்துச்சு. வலிப்பு இருக்குறவங்க, வெயில் பட்டா ஒத்துக்காத மாத்திரை சாப்புடுறவங்க டாக்டரை கேக்காம மாட்டக்கூடாது. டப்பாவுல அமெரிக்க எஃப்டிஏ (அங்க மருந்து, கருவிக்கு அனுமதி குடுக்குற அரசு அமைப்பு) க்ளியர்டுன்னு போட்டிருந்தா, ஏற்கனவே விக்கிற ஒரு கருவியோட ஒத்துப்போகுதுன்னு அனுமதி குடுத்துருக்காங்கன்னுதான் அர்த்தம். சுருக்கம் போயிடும்னு யாரும் உறுதி குடுக்கல.

ஜூன் 12

இன்னைக்கு மேட்டூர் திறந்துட்டாங்க. தண்ணி கல்லணைக்கு வந்துட்டா குறுவை வேலை சூடு பிடிச்சுடும், இங்க வாசிக்கிற பாதிப்பேரு வீட்டுல யாராச்சும் வயல்ல நிப்பீங்க. அதனால இன்னைக்கு மெஷினை விட்டுட்டு வெயிலை எழுதுறேன். இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியம்.

முகத்துக்கு வயசை ஏத்துறதுலயே பெரிய பங்கு வெயிலுக்குத்தான். வெயில்ல கண்ணுக்கு தெரியாத புற ஊதா, அதாவது யூவி, நம்ம மேல விழறது ரெண்டு வகை. யூவிபி மேல் தோலை சுடும். யூவிஏ உள்தோல் வரைக்கும் எறங்கி கொலாஜனை அறுக்குற நொதியை தூண்டிவிடும், அதுதான் தோல் தளந்து கோடு விழ காரணம். நமக்கு மெலனின் இருக்குறதால கோடு லேட்டாத்தான் வரும், அதுக்கு முன்னாடியே மங்கு, திட்டு, கருப்பு மரு, ஒரு எடம் ஒரு நிறம் இன்னொரு எடம் ஒரு நிறம்னு வந்துடும். கண்ணுக்குத் தெரியுற சாதா வெளிச்சமும் நம்ம நிறத்தை கருக்கும். சித்திரை மதியம் நம்ம பக்கம் யூவி இண்டெக்ஸ் 11ஐ சாதாரணமா தாண்டும், அதுக்கு மேல எவ்ளோ போனாலும் எக்ஸ்ட்ரீம், உச்சகட்ட ஆபத்துதான். நாத்து நடுறவங்களுக்கு குனிஞ்ச முகத்துக்கு நேரா தண்ணி. தண்ணிலேருந்து எதிரடிக்கிற யூவி பத்து சதத்துக்குள்ளதான், ஆனா அது கீழேருந்து வருது, தலையில போட்ட துண்டு அதை தடுக்காது. வேதாரண்யம் உப்பளத்துல வேலை பாக்குறவங்க கண்ணையும் முகத்தையும் பாத்திருக்கீங்களா, வெள்ளைவெளேர்னு உப்பு, கண்ணை சுருக்கிச் சுருக்கியே கண்ணோரம் கோடு ஆழமா விழுந்துருக்கும்.

நம்ம பொம்பளைங்க சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கை சட்டையை மாட்டிக்கிட்டு தலையில துண்டை கட்டிக்கிட்டு நடவுக்கு எறங்குறாங்களே, அதை பாத்து பட்டணத்து பிள்ளைங்க சிரிச்சிருக்குதுங்க. எந்த க்ரீமை விடவும் பெரிய காப்பு அது. அடர்த்தியா நெய்த துணி, நல்ல கலர் துணி யூவியை நல்லா தடுக்கும். விடிகாலைல எறங்கி உச்சி வெயிலுக்கு முன்னாடி கரையேறுற பழக்கமும் அப்படித்தான். வயல்ல வேர்வைல ரெண்டு மணிக்கு ஒருக்கா சன்ஸ்கிரீன் பூசுங்கன்னு சொன்னா நடக்கிற காரியமா அது? சட்டை, துண்டு, அகலமான தொப்பி, இதுதான் நடக்கும்.

ஸ்கூட்டில போறவங்க, ஸ்கூல் ஆபீஸ்னு போறவங்க சன்ஸ்கிரீன் பூசலாம். எஸ்பிஎஃப் 30ன்னா யூவிபில 97 சதம் தடுக்கும், 50ன்னா 98, அந்த ஒரு சதத்துக்காக டபுள் காசு குடுக்க வேணாம். எஸ்பிஎஃப் யூவிபியை மட்டும்தான் சொல்லும், யூவிஏவுக்கு பக்கத்துல பிஏ போட்டு ப்ளஸ் குறி இருக்கும், அதையும் பாருங்க. மங்கு இருக்குறவங்க அயர்ன் ஆக்ஸைடு சேத்த கலர் சன்ஸ்கிரீனா வாங்கணும், சாதா வெளிச்சத்தை தடுக்குறது அந்த கலர்தான். ஆஸ்திரேலியாவுல நாலரை வருஷம் தினமும் பூசவச்சு பாத்தாங்க, 2013ல வெளியாச்சு, தினம் பூசினவங்களுக்கு தோல் மூப்பு 24 சதம் கம்மி. எனக்கு தெரிஞ்சு எந்த லேசருக்கும் இவ்ளோ பேரை வச்சு இவ்ளோ நாள் பாத்த கணக்கு கிடையாது.

ஜூன் 13

நேத்து எழுதினதுக்கு ஒரு ஆள், நான் வெயில்ல நடக்குறதே இல்ல, பஸ் ஓட்டுறேன், நெழல்லதான் உக்காந்திருக்கேன், எனக்கும் ஒரு பக்கம் மட்டும் ஏன் கருத்துருக்குன்னு கேட்டிருக்கார். அண்ணே, கண்ணாடி வழியா யூவிபி வராது, யூவிஏ வரும். முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஷீட்டு வச்சு ஒட்டினது, அது பெரும்பாலும் தடுத்துடும். பக்கத்துக் கண்ணாடி அப்படி இல்ல, நீங்க அதையும் திறந்து வச்சு முழங்கையை வெளிய வச்சுக்கிட்டுதான ஓட்டுவீங்க? அமெரிக்காவுல 28 வருஷம் லாரி ஓட்டின 69 வயசு ஆளோட போட்டோ 2012ல ஒரு பெரிய மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. ஒரு பாதி முகம் அவர் வயசு, இன்னொரு பாதி அவருக்கு அப்பா மாதிரி சுருங்கி தொங்குது. அங்க டிரைவர் சீட்டு இடது பக்கம், அவருக்கு இடது கன்னம். நமக்கு வலது. கடையில விக்கிற கைக்கு மாட்டுற உறையை வாங்கிக்குங்க, வலது கன்னத்துக்கு சன்ஸ்கிரீன்.

ஜூன் 17

நலங்குமாவு பத்தி மூணு பேரு கேட்டுட்டாங்க. அதுல கார்போகரிசி சேக்கலாமா, வெயில் பட்டா கருக்குமாமேன்னு.

இது சும்மா ஒதுக்கற விஷயம் இல்ல. கார்போகரிசில சோரலன்னு ஒரு பொருள் இருக்கு, அது தோல்ல இருக்கும்போது யூவிஏ பட்டா தோல் செவந்து கருக்கும், கூடிப்போனா கொப்புளிச்சுடும். நம்ம சித்த வைத்தியத்துல வெண்புள்ளிக்கு இதை பூசி வெயில்ல காட்டுறது அதுக்காகத்தான், கருக்கணும்னேதான். வைத்தியர் அளவு சொல்லி பண்றது வேற, வெண்புள்ளின்னு அரைச்சு அப்பிக்கிட்டு வாசல்ல உக்காந்து கொப்புளத்தோட வந்தவங்க வேற, அவங்களை வார்டுல பாத்திருக்கேன். சோரலன் மாத்திரை குடுத்து யூவிஏ பொட்டிக்குள்ள நிக்கவைக்கிற பூவா வைத்தியத்தை பத்தி 1974ல அமெரிக்காவுல, செதில் செதிலா உரியுற சோரியாசிஸுக்குன்னு ஒரு ஆய்வு எழுதினாங்க. எழுதினவங்கள்ல மேல சொன்ன பாரிஷ் இருக்கார், ஃபிட்ஸ்பாட்ரிக் இருக்கார், நம்ம நாட்டு பாதக்கும் இருக்கார். கருக்குற லைட்டையும் கருப்பை எடுக்குற லேசரையும் ஒரே கூட்டம் யோசிச்சிருக்குங்குறது எனக்கு எப்ப நெனைச்சாலும் ஆச்சரியம்தான்.

நலங்குமாவுல கொஞ்சமா சேத்து பூசி ஒடனே கழுவிடுறவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகாம போகலாம். ஆனா மங்கு இருந்தா அதை மட்டும் எடுத்துடுங்க. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் போதும். லேசர் பண்ணிக்கிட்ட முகத்துல எந்த மாவும் தேய்க்கவே கூடாது.

இதே செடிலேருந்துதான் பாகுச்சியால்னு ஒண்ணை பிரிச்சு க்ரீமா விக்கிறாங்க. அது சோரலன் இல்ல, சுத்தமா பிரிச்சதா இருந்தா வெயில் பயம் கிடையாது. 2019ல 44 பேருக்கு 12 வாரம், சுருக்கத்துக்கு பூசுற ரெட்டினாலோட வச்சு பாத்ததுல சுருக்கத்துக்கும் கருப்புக்கும் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், இதுல எரிச்சல் கம்மின்னு வந்துச்சு. சின்ன ஆய்வு, ஆனா எனக்கு கேக்க சந்தோஷமா இருந்துச்சு.

ஜூன் 18

ஆஸ்பத்திரில லைட்டு வைக்கிறாங்களே அதுல நின்னா சுருக்கம் போகுமான்னு கேட்டவங்களுக்கு: போகாது. அது யூவிபி, 311 நானோமீட்டர், வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும். நான் வருஷக்கணக்கா அந்த பொட்டி பக்கத்துல நின்னவ. ஒவ்வொருத்தருக்கும் நோட்டுல அளவு எழுதி, போன தடவை செவந்துச்சான்னு கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவோம், கண்ணாடி மாட்டாம உள்ள விடமாட்டோம். லைட்டுக்கும் மருந்து மாதிரி டோஸ் இருக்குன்னு எனக்கு மனசுல பதிஞ்சது அங்கதான். டோஸ் எழுதிவைக்காத எடத்துல எந்த லைட்டையும் வாங்கிக்காதீங்க.

ஜூன் 22

தழும்பும் ஆழமான கோடும் இருக்குறவங்க ஃப்ராக்ஷனல் சிஓ2 (கார்பன் டை ஆக்ஸைடு) லேசர் பத்தி கேக்குறீங்க. சிஓ2 லேசரை 1964ல கண்டுபிடிச்சது நம்ம பாராமதில பொறந்த குமார் படேல், அமெரிக்காவுல பெல் லேப்ல இருந்தப்ப. 10,600 நானோமீட்டர், மெலனினை கண்டுக்காது, தோல்ல இருக்குற தண்ணியை கொதிக்கவச்சு ஆவியாக்கும். ஆரம்பத்துல முகம் முழுக்க மேல் தோலை உரிச்சுடுவாங்க, பலன் பிரமாதம், ஆர்றதுக்குள்ள உசுரு போயிடும், நம்ம நிறத்துக்கு ரொம்ப ஆபத்து. 2004ல ஃப்ராக்ஷனல்னு ஒரு யோசனை வந்துச்சு. முழுசா உரிக்காம ஊசிமுனை அளவுல துளைதுளையா போடுறது. நாத்தை இடம் விட்டு நடுற மாதிரி, நடுவுல தொடாத தோல் இருக்கும், அங்கேருந்து புதுத்தோல் வேகமா வளந்து மூடிக்கும். முகம் செவந்து, சொரசொரன்னு பொருக்கு கட்டி உதிர ஒரு வாரம் ஆகும்.

மெலனினை கண்டுக்காதுன்னா நமக்கு கருக்காதுன்னு அர்த்தம் இல்ல. சூட்டுப் புண்ணு எதுவா இருந்தாலும் ஆறும்போது நம்ம தோல் கருப்பை விட்டுட்டுத்தான் போகும். அதனால நல்ல டாக்டருங்க துளையை கம்மியா, இடைவெளியை அதிகமா வச்சு சிட்டிங்கை கூட்டிக்குவாங்க. வாயோரம் அக்கி மாதிரி கொப்புளம் அடிக்கடி வர்றவங்க முன்கூட்டியே சொல்லணும், மாத்திரை குடுத்துட்டுத்தான் பண்ணுவாங்க, இல்லைன்னா முகம் பூரா பரவிடும். வயல் வேலை இருக்குற மாசத்துல இதை பண்ணிக்கவே கூடாது.

ஜூன் 23

கண்ணுக்கு கீழ இருக்குற அந்த பொடி மருவுக்கு லைட்டே வேணாம் தங்கச்சி. நம்ம நிறத்து ஆளுங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கு வயசாக வயசாக வர்றது, அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும். மரத்துப்போற க்ரீம் பூசி கரண்ட்ல லேசா சுட்டு எடுத்துடுவாங்க, ஒரே உக்காருல முடிஞ்சுடும், செலவும் கம்மி. இதை எடுத்தாலே முகம் எளசா தெரியும். முடியை கட்டுறது, சுண்ணாம்பு வைக்கிறது வேணாம், கண்ணு பக்கத்துல சுண்ணாம்புன்னு கேட்டாலே எனக்கு கை நடுங்குது.

ஜூன் 29

எல்இடி பத்தி எழுதினதை திரும்ப படிச்சேன். அந்த தம்பி வாங்கிட்டாராம். இன்னும் ரெண்டு சேக்கணும்னு தோணுது. மாஸ்க்குக்கு மாஸ்க் சக்தி ரொம்ப வித்தியாசப்படும், ஆய்வுல வச்ச கருவியும் வீட்டுக்கு வர்றதும் ஒண்ணு இல்ல. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட்டுன்னே போடாத டப்பாவை வாங்காதீங்க. பலன் தெரியலன்னு நேரத்தை இழுத்து மாட்டவும் கூடாது, இந்த வகை லைட்டுக்கு ஒரு அளவு வரைக்கும்தான் பலன், அதை தாண்டினா பலன் குறையும்.

அந்த காசுக்கு இன்னொரு வழியும் உண்டு. ட்ரெட்டினாயின்னு ராத்திரி பூசுற க்ரீம், வெயில்ல மூப்பான தோலுக்கு 1986லேருந்து சோதிச்சு பாத்தது, விலையும் கம்மி. முதல்ல கொஞ்ச நாள் உரியும், எரியும், மாசக்கணக்குல பூசணும், கர்ப்பமா இருக்குறவங்க, ஆகப்போறவங்க தொடக்கூடாது. டாக்டர் எழுதிக் குடுத்துதான் வாங்கணும். மெஷினுக்கு இருக்குற கவர்ச்சி இதுக்கு இல்லாததால யாரும் பேசுறதில்ல, எனக்கு அது வருத்தம்.

ஜூலை 2

ரொம்ப கோவத்தோட எழுதுறேன். ஒரு பிள்ளை தன்னோட போட்டோ அனுப்பியிருக்கு, கன்னமெல்லாம் செவப்பு நரம்பு, பொரிப்பொரியா, முடி வேற முளைச்சுருக்கு. மெடிக்கல்ல வெள்ளையாகன்னு கேட்டு வாங்குற ட்யூபை ரெண்டு வருஷமா பூசுதாம். அதுல ஸ்டீராய்டு. மங்குக்கு டாக்டர் சில வாரத்துக்குன்னு எழுதுற க்ரீமையே பழைய சீட்டை காட்டி வருஷக்கணக்கா வாங்கி பூசுறாங்க. தோல் மெலிஞ்சு காகிதமா ஆயிடுது, நிறுத்தினா எரியுது, எரியுதுன்னு திரும்ப பூசுறாங்க. 2018ல மத்திய அரசு இந்த மாதிரி க்ரீம்களை சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கொண்டாந்தாங்க, கடையில நடக்குறது உங்களுக்கே தெரியும். இப்படி மெலிஞ்ச தோல்ல லேசரோ ஐபிஎல்லோ பட்டா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. லைட்டு வைத்தியத்துக்கு போறதுக்கு முன்னாடி முகத்துல பூசின எல்லா ட்யூபையும் பையில போட்டு எடுத்துட்டு போய் டாக்டர் மேசையில வைங்க, வெக்கப்பட்டு மறைக்காதீங்க.

பிள்ளை, நீ ஒடனே நிறுத்திடாத. தோல் டாக்டர்கிட்ட போ, எப்படி படிப்படியா விடணும்னு சொல்லுவாங்க.

ஜூலை 5

மன்னார்குடி தங்கச்சி தஞ்சாவூர்ல ஒரு தோல் டாக்டரை பாத்துட்டு வந்து எழுதியிருக்கு. மங்குதானாம். மருவை இந்த மாசமே எடுத்துடலாம், மங்குக்கு க்ரீமும் கலர் சன்ஸ்கிரீனும், லைட்டு இப்ப வேணாம், கார்த்திகைல திரும்ப பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ரொம்ப நல்லது. கல்யாணத்துக்கு முந்தின ஒரு மாசம் முகத்துல புதுசா எதையும் ஆரம்பிக்காத, பார்லர்ல ப்ளீச் கூட வேணாம்.

போற எல்லாரும் கேட்டுட்டு வாங்க: பண்ணப்போறது தோலுக்குன்னு எம்.டி. டி.வி.எல். இல்ல டி.டி.வி.எல். படிச்ச டாக்டரா, மெஷின் பேரு என்ன, எத்தனை நானோமீட்டர், டெஸ்ட் பண்ணி ரெண்டு மூணு வாரம் காத்திருப்பீங்களா, கருத்துப்போச்சுன்னா யாரு பாப்பா. வெயில்ல புதுசா கருத்துருந்தா அது வெளுக்குற வரைக்கும் அவங்களே தள்ளிப்போடணும். இன்னைக்கே உக்காருங்கன்னா சரியில்ல.

ஜூலை 6

லேசர் பண்ணா கேன்சர் வருமான்னு ராத்திரி ஒரு அம்மா கேட்டிருக்காங்க. நான் இங்க முகத்துக்குன்னு எழுதின லேசர், ஐபிஎல், சிவப்பு எல்இடி எதுலயும் யூவி கிடையாது, இவ்ளோ வருஷத்துல இதனால தோல் கேன்சர் வந்ததா காட்டினது இல்ல. ஆபத்து வேற எடத்துல இருக்கு. மச்சம்னு நெனைச்சு எதையோ லேசர்ல சுட்டுட்டா, அது கேன்சரா இருந்தா மேல மட்டும் அழிஞ்சு உள்ள வளரும், கண்டுபிடிக்கவும் லேட்டாகும். அதனால புதுசா வந்த மச்சம், ஓரம் கோணலா இருக்குறது, ரெண்டு மூணு நிறம் கலந்தது, பெருசாகிட்டே போறது, இதையெல்லாம் டாக்டர் லென்ஸ் வச்சு பாக்காம யாரும் தொடக்கூடாது. நம்ம நிறத்து ஆளுங்களுக்கு மெலனோமாங்குற தோல் கேன்சர் அபூர்வம், வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் பெரும்பாலும் வரும். வயல்ல வெறுங்காலோட நிக்கிறவங்க உள்ளங்காலை யாரும் பாக்குறதே இல்ல, முள்ளு குத்தினது, சேத்துப்புண்ணுன்னு விட்டுடுவாங்க. வீட்டுல பெரியவங்க காலை கழுவிவிட்டு ஒரு தடவை பாருங்க. கருப்பா ஒரு புள்ளி இருந்து அது வளந்தா, நகத்துல கருப்பு கோடு அகலமாயிட்டே போனா, ஒடனே பெரிய ஆஸ்பத்திரில தோல் பிரிவுல காட்டுங்க.